பாடம்: ஈரம்பட்ட மடிக்கணினி

தேநீர் சிந்தித் திரை இருண்டால் மடிக்கணினியை எறிந்துவிட வேண்டாம். காணி அனுமதிப்பத்திரப் பிரதிகள் இருப்பது திரையிலல்ல, வன்தட்டில்.

1. உடனே மின்சாரத்தைத் துண்டித்து மின்கலத்தைக் கழற்றுங்கள். ஈரத்தில் மின் பாய்ந்தால் செப்புத் தடங்கள் அரிக்கும்.

2. கவிழ்த்து வடியவிட்டு நிழலில் உலர்த்துங்கள். சீனிப்பசை உலர்ந்தும் ஒட்டியிருக்கும். தொழில் தெரிந்தவரைக் கொண்டு ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைப்பியுங்கள்.

3. பின் இயக்கி, திரையில் டோர்ச் அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னொளியே பழுது. தெரியாவிடில் வேறொரு திரையை இணையுங்கள். அதில் படம் வந்தால் பழைய திரையையோ அதன் வயரையோ மாற்றினால் போதும்.

4. எதிலும் வராவிடில் வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் பிரதி எடுக்கலாம்.

2018 டிசெம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியில் வீடுகளுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. ஆகவே இன்றே இன்னொரு பிரதியை வேறிடத்தில் வையுங்கள்.