வெனிஸிலிருந்து புறப்படும் நாளில்

இத்தாலியின் வெனிஸ் நகரில் பேருந்தும் காரும் பியாட்சாலே ரோமா சதுக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அதற்கப்பால் பெட்டியுடன் பாலங்களின் படிகளில் ஏறி இறங்க வேண்டும், இல்லையேல் படகுதான். விடியற்காலையில் மார்கோ போலோ விமான நிலையம் சேரவேண்டிய குடும்பத்திற்குத் தனிப்படகே ஏற்றது என்பது எம் கருத்து. கட்டணம் 100 யூரோவைத் தாண்டும். ஆயினும் அது பெரும்பாலும் ஆளுக்கன்று, படகுக்கு.

முந்தைய நாளே விடுதியின் வழியாகப் பேசி, இரவு நேரத்திற்கும் மிகுதிப் பெட்டிகளுக்கும் உரிய கூடுதல் கட்டணம் உட்பட, மொத்தத் தொகையை எழுத்தில் பெறுதல் நன்று. ஏறவேண்டிய படித்துறையையும் கேட்டறிக. இலையுதிர், குளிர்காலங்களில் கடல்நீர் உயரும்போது தாழ்ந்த பாலங்களின் அடியில் படகு நுழைய இயலாது. அன்று வேறு துறைக்கு நடக்க நேரலாம். விமான நிலையப் படகுத்துறையிலிருந்து முனையத்திற்கும் சில நிமிட நடை உண்டு.

அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே இயக்கிவைத்தல் வேண்டும். 2020 மார்ச் முதல் புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டிற்கு மட்டுமே திறந்து வழங்கப்படுகின்றன. பணம் செலுத்தும் கருவி 'ரூபாயா, யூரோவா' என வினவினால் யூரோவையே தேர்க. ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதம் அங்குள்ள வணிகர் தரப்பில் முடிவாகும். அது பெரும்பாலும் நமக்குப் பாதகமே. படகோட்டியிடம் அக்கருவி இல்லாமலும் போகலாம். ஆகவே கட்டணத்திற்குப் போதுமான யூரோ நோட்டுகளும் கையில் இருக்கட்டும்.