எண்ணாத சாலையில் எத்தனை வண்டி?

ஓர் ஒன்றியத்தில் இருநூறு ஊர்ச் சாலைகள் இருந்தால், எல்லாவற்றிலும் ஆளை உட்காரவைத்து வண்டி எண்ண முடியாது. முப்பதில் எண்ணிவிட்டு, மற்றவற்றைக் கணினி மாதிரியால் மதிப்பிடலாம். எந்த முப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். கடைத்தெருவையும் பேருந்துச் சாலையையும் மட்டும் எண்ணினால், வயலோரச் சாலைக்கும் கணினி வண்டிகளை அள்ளிக் கொடுத்துவிடும். முட்டுத் தெரு, வாய்க்கால் கரைச் சாலை என ஆளரவமற்றவற்றையும் எண்ணுங்கள்.

காவிரி டெல்டாவில் எப்போது எண்ணுகிறோம் என்பது அதைவிட முக்கியம். அறுவடை முடிந்ததும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துச் சாலையில் டிராக்டர்கள் வரிசைகட்டும்; இரண்டு மாதம் கழித்து அதே சாலை வெறிச்சோடும். ஊரகச் சாலைகளுக்கான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) எஸ்.பி. 72 வழிகாட்டி, அறுவடைக்கால உச்சத்தையும் கணக்கில் சேர்க்கச் சொல்வது இதனால்தான். சந்தை நாளில் எண்ணியதை வாரத்தில் ஒரு நாளாக மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதை எண்ணுவது? நெரிசலைப் பார்க்க, ஐ.ஆர்.சி. கணக்கில் ஒரு காரை 1 என்று வைத்தால், இருசக்கர வாகனம் 0.5, டிரெய்லர் பூட்டிய டிராக்டர் 4.5, மாட்டுவண்டி 8. ஆனால் மாட்டுவண்டியின் இந்த 8 அது அடைக்கும் இடத்தையும் மெதுவான ஓட்டத்தையும் பற்றியது, பாரத்தைப் பற்றியதல்ல. சாலையின் தடிமனை முடிவுசெய்ய லாரி, பேருந்து, டிராக்டர்களைத் தனியே எண்ண வேண்டும். இரண்டையும் ஒரே எண்ணில் குழப்புவது பெரிய தவறு.

மாதிரிக்கு வீடுகளின் எண்ணிக்கை, நெடுஞ்சாலைக்கு உள்ள தூரம், பள்ளி, அரிசி ஆலை, கொள்முதல் நிலையம் ஆகியவற்றைக் கொடுங்கள். ஆனால் வீடே இல்லாத குறுக்குவழியிலும் வண்டி ஓடும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தைக் கியூஜிஐஎஸ் மென்பொருளில் ஏற்றி, ஊருக்கு ஊர் விரைவான வழிகளைப் போட்டு, ஒவ்வொரு சாலையும் எத்தனை வழிகளில் வருகிறது என்று பார்த்து, அந்த எண்ணையும் மாதிரிக்குக் கொடுங்கள். ரயில்வே கேட்டில் காத்திருக்கும் நேரத்தை நீங்கள் சொன்னால்தான் கணினிக்குத் தெரியும். வண்டி எண்ணிக்கையை லாகரிதமாக மாற்றிப் பொருத்துங்கள். இல்லாவிட்டால் சில தெருக்களுக்குப் பூஜ்யத்துக்கும் கீழே விடை வரும்.

எண்ணிய முப்பதில் ஆறைக் கணினிக்குக் காட்டாமல் வைத்திருந்து, கடைசியில் ஒப்பிடுங்கள். 40 வண்டி ஓடும் தெருவுக்கு 60 என்று வந்தால் பதற வேண்டாம். 800 ஓடும் சாலைக்கு 400 என்று வந்தால், அங்கேயே போய் டீக்கடையில் விசாரியுங்கள். வரைபடத்தில் ஏறாத செங்கல் சூளை ஏதாவது இருக்கக்கூடும். அதைச் சேர்த்து மாதிரியை மறுபடி ஓட்டுங்கள்.