வலைக்கண் சொல்லும் கணக்கு



"மீன்பிடிக்கிறதுல என்னடா இன்ஜினியரிங் இருக்கு?" என்று ஹாஸ்டலில் என்னைப் பலர் கேட்டதுண்டு. நான் நாகை மாவட்டக் கடற்கரைப் பையன். தாத்தா காலத்தில் கட்டுமரம். இன்று அப்பா, சித்தப்பா, அண்ணன் மூவருக்கும் சேர்த்து ஒரு ஃபைபர் படகு. எங்கள் குடும்பத் தொழிலை நம் பாடங்களை வைத்தே விளக்கிப் பார்க்கிறேன்.

1. கட்டுமரம்

ஆணி, போல்ட், வெல்டிங் எதுவும் கிடையாது. இலேசான மரங்களைக் கயிற்றால் பிணைப்பார்கள். மேலே ஏறும் தண்ணீர் இடுக்கு வழியே வடிந்துவிடும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரத்தைக் காயவைக்கலாம். ஆங்கிலத்தின் 'கேட்டமரான்' நம் கட்டுமரத்திலிருந்து போன சொல்தான். 2004 சுனாமிக்குப் பின் எங்கள் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. பாய்க்குக் காற்று இலவசம். எஞ்சினுக்கு எண்ணெய் இலவசம் இல்லை.

2. வலைக்கண்

சிவில் நண்பர்கள் லேபில் மணல் சலிக்கிறார்களே, அதுபோல வலையும் ஒரு சல்லடைதான். செவுள்வலையில் சின்ன மீன் கண் வழியே தப்பிவிடும். மிகப் பெரிய மீனுக்குத் தலையே நுழையாது. தலை நுழைந்து உடம்பு நுழையாத மீன்தான் செவுளில் மாட்டும். ஆகவே கவலை மீனுக்கு ஒரு வலை, நண்டுக்கு ஒரு வலை, வஞ்சிரத்துக்குப் பெரிய கண்ணில் ஒரு வலை.

விசைப்படகின் இழுவலையில் கதை வேறு. இழுக்கும்போது மடியிலுள்ள சாய்சதுரக் கண்கள் இழுவிசையால் நீண்டு மூடிக்கொள்ளும். குஞ்சு தப்ப வழியில்லை. கண்ணைச் சதுரமாகத் திருப்பி அமைத்தால் நூல் இழுவிசையின் திசையிலேயே நிற்கும். கண் திறந்தே இருக்கும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் சதுரக்கண் மடியைப் பரிந்துரைப்பது இதனால்தான்.

3. பங்கு

விற்ற பணத்தில் முதலில் எண்ணெய், ஐஸ் செலவைக் கழிப்போம். மீதியில் எங்கள் வீட்டு வழக்கப்படி ஆளுக்கு ஒரு பங்கு, படகு எஞ்சினுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று. உதாரணமாக, விற்பனை ரூ.6,000, செலவு ரூ.2,500 என்றால் மீதி ரூ.3,500. 5 பங்காகப் பிரித்தால் பங்குக்கு ரூ.700. விற்பனையே ரூ.2,500 என்றால் பங்கு பூஜ்யம். கூடை சுமந்து விற்கும் அம்மாவுக்கும் சித்திக்கும் இதில் தனிப் பங்கு இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் பங்கு போடப் பணமே இல்லை!

4. அண்ணனின் கேள்வி

தொடர்ந்து சில வாரம் பங்கு பூஜ்யமானபோது அண்ணன் கேட்டார்: "பொடிக்கண் வலை வாங்கினா என்னப்பா? நாம விட்டா அடுத்தவன் பிடிக்கத்தான் போறான்." வட்டி கட்டுகிறவர் கேட்கும் நியாயமான கேள்வி. பதிலைக் கணக்காகப் பார்ப்போம்.

எண்ணெய் மத்தி ஏறத்தாழ 15 செ.மீ. நீளத்தில்தான் முட்டையிடத் தயாராகிறது. அதற்கு ஒரு வருடம் போதும். மீனின் எடை, நீளத்தின் முப்படியை ஒட்டி ஏறும். 8 செ.மீ. குஞ்சு 16 செ.மீ. ஆனால் எடை சுமார் 8 மடங்கு. 100 குஞ்சில் 75 செத்து 25 பிழைத்தாலும், இன்று பிடிப்பதைப் போல இரு மடங்கு எடை. முட்டை தனி லாபம்.

ஆனால் அண்ணன் சொன்னதன் பின்பாதிக்குக் கணக்கில் பதில் இல்லை. ஒரு வீடு மட்டும் விட்டுக்கொடுத்தால் அந்த வீடுதான் நஷ்டப்படும். "இதை ஊர்க்கூட்டத்துல பேசித்தான் தீர்க்கணும்" என்றார் அப்பா. கிழக்குக் கரை விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருப்பதும் இதே காரணத்தால்தான்: எல்லோரும் ஒன்றாக நிறுத்தினால்தான் பலன்.

5. நம் பங்கு

நண்பர்களே, அதிக மீன் பிடிப்பது ஒன்றே வருமானத்துக்கு வழியல்ல. எண்ணெய் குறைவாகக் குடிக்கும் எஞ்சின், ஐஸ் சீக்கிரம் கரையாத பெட்டி, இரண்டும் நம் புராஜெக்டுக்குள் அடங்கும் வேலைகள். பிடித்த மீன் கெடாமல் கரை சேர்ந்தால் அதே மீனுக்கு நல்ல விலை. அப்போது அண்ணனுக்குப் பொடிக்கண் வலை தேவைப்படாது. இந்த வருடம் என் புராஜெக்ட் ஐஸ் பெட்டிதான். கூட்டுச் சேர யார் வர்றீங்க?

— இறுதியாண்டு, மெக்கானிக்கல்