அறிவுரைக்கு முன் ஏரிக்கரை

மதிப்பெண் குறைந்ததிலிருந்து யாரோடும் பேசுவதில்லை, ராத்திரி முழுக்கக் கைப்பேசி, ஒரு வார்த்தை கேட்டால் எரிந்து விழுகிறான் என்று கவலைப்படும் காஞ்சிபுரத்துப் பெற்றோரே, கொஞ்ச நாள் அறிவுரையை நிறுத்திவிட்டுப் பிள்ளையை வெளியே அழைத்துப் போங்கள்.

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் பல குடும்பங்களுக்கு வீடும் தறியும் ஒரே கூரையின் கீழ்தான். கூலி, கடன், முடிக்க வேண்டிய புடவை என எல்லாப் பேச்சும் பிள்ளையின் காதில் விழுகிறது. தனியாக அழக்கூட அங்கே இடமில்லை. மரமும் நீரும் உள்ள இடத்தில் கண்ணும் காதும் வேறொன்றில் லயிக்க, ஒரே கவலையை அசைபோடும் மனம் சற்று ஓய்கிறது. காலை வெயிலும் நடையும் இரவுத் தூக்கத்துக்கு உதவுகின்றன.

எவ்வளவு நேரம்? இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் தகவல்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், வாரம் 120 நிமிடமாவது இயற்கையில் கழித்தவர்களிடம் உடல்நலமும் மனநிறைவும் கூடுதலாகத் தெரிந்தன. பெரியவர்களைப் பற்றிய ஆய்வுதான். ஆனாலும் நாம் தொடங்க நல்ல அளவு.

பக்கத்து இடமே போதும். விடியற்காலையில் சர்வதீர்த்தக் குளக்கரை, விடுமுறையில் தென்னேரி ஏரிக்கரை. தண்ணீரில் இறங்க வேண்டாம். பெண்பிள்ளை என்றால் அம்மாவோ அத்தையோ உடன் போங்கள். பாதுகாப்பைச் சொல்லி அவளை வீட்டிலேயே இருத்திவிடாதீர்கள்.

வழியில் மதிப்பெண் பேச்சு கூடாது. பிள்ளை பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் கூடவே நடங்கள்.

கையில் ஒரு வேலையும் கொடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, உத்திரமேரூர் வழியாக வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்கு மாதம் ஒருமுறை போய் வரலாம். நத்தைகுத்தி நாரையின் கூடு எந்த மரத்தில், குஞ்சு எவ்வளவு வளர்ந்தது என்று பிள்ளையே குறித்து வைக்கட்டும். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதால் அவ்வூரார் தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்து வருவதையும் சொல்லுங்கள். மெல்ல வளர்வதைப் பொறுத்திருந்து பார்க்கப் பழகிய பிள்ளைக்கு ஒரு தோல்வியோடு எல்லாம் முடிந்துவிடாது என்பதும் புரியத் தொடங்கும்.

இது சிகிச்சைக்கு மாற்று அல்ல. இரண்டு வாரமாகத் தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ தனியே விடாமல் உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416இல் இரவு பகலாக இலவச ஆலோசனை கிடைக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். எங்கே போவது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும்.