ஒரு புள்ளிக்கு எத்தனை சென்ட்?

திருவாரூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் சம்பா நட்டிருப்பவர், வயலை வானத்திலிருந்து பார்க்க ஆசைப்பட்டால் முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டரை சென்ட். ஏக்கருக்கு 40 புள்ளிகள் கிடைக்கும். அமெரிக்காவின் லேண்ட்சாட்டிலோ ஒரு புள்ளியே 22 சென்டை விழுங்கிவிடும். ஏக்கருக்கு நாலரைப் புள்ளி, அதிலும் பக்கத்து வயல் கலந்திருக்கும்.

ஆகவே பயிருக்கு சென்டினல்-2தான். சில நாளுக்கொரு படம், அதுவும் இலவசம். கோப்பர்னிக்கஸ் பிரவுசர் தளத்தில் ஊரைத் தேடி, என்.டி.வி.ஐ. என்ற பசுமைக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். செழித்த இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து கணக்கிடுவதே அந்தக் குறியீடு. தண்ணீர் ஏறாத மேட்டு மூலையை இது பளிச்செனக் காட்டிக்கொடுக்கும். ஆனால் காரணம் தண்ணீரா, தழைச்சத்தா என்பதை வயலில் இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

சிக்கல் ஐப்பசியில் தொடங்கும். சம்பா வளரும் நாளெல்லாம் மேகம் மூடிக்கிடக்கும்போது, எத்தனை படம் வந்தாலும் வெள்ளைத் திட்டுதான். அப்போது கைகொடுப்பது மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார். நடவுக்குத் தேங்கிய தண்ணீர் ரேடார் அலையை வேறு பக்கம் தெறிக்கவிடுவதால் வயல் கறுப்பாகத் தெரியும். பயிர் எழ எழ வெளிச்சம் கூடும். இந்த மாற்றத்தை வைத்துத்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெற்பரப்பைக் கணித்திருக்கிறது. ரேடார் படத்தில் பொரிப்பொரியான இரைச்சல் அதிகம். ஊர்ப் பரப்பைக் கணக்கிட அது சரி, ஒற்றை வயலுக்கு நம்ப வேண்டாம்.

ட்ரோன் செடிசெடியாகக் காட்டும். என்றாலும் சிறு விவசாயி அதை வாங்குவது வீண்செலவு. தேவைப்படும்போது வாடகைக்கு அழைத்தால் போதும். புகையான் தாக்கிக் காய்ந்த வட்டங்களை அளந்து, இழப்பைக் காட்ட அது உதவும். தூரடியில் பூச்சி இருக்கும்போதே கண்டுபிடிக்கப் பயிரை விலக்கிப் பார்க்கும் கைதான் வேண்டும். 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால், சுற்றுவட்டாரத்தில் பறக்கவிடும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்திலுள்ள மண்டல வரைபடத்தைப் பார்த்துவிட வேண்டும்.

பயிருக்கு வேண்டாமென்று ஒதுக்கிய லேண்ட்சாட், ஏரி விஷயத்தில் முன்வரிசைக்கு வந்துவிடும். 1980களிலிருந்து 30 மீட்டர் படங்கள் அதனிடம் இருக்கின்றன. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைச் சுற்றிக் கட்டடங்கள் நெருங்கியதை, கூகுள் எர்த்தின் காலவரிசைப் படத்தில் ஆண்டு ஆண்டாக நகர்த்திப் பார்க்கலாம். ஏரியைக் காக்கக் கிளம்பும் ஊருக்கு இதைவிட வலுவான சாட்சி எளிதில் அமையாது.

வரப்புத் தகராறுக்கு மேற்சொன்ன எதுவும் ஆகாது. கைப்பேசி ஜி.பி.எஸ். திறந்தவெளியிலேயே சில மீட்டர் பிசகும். தென்னந்தோப்புக்குள் இன்னும் மோசம். 60 மீட்டர் வரப்பில் ஐந்து மீட்டர் பிசகினால் ஏழு சென்டுக்கு மேல் கை மாறிவிடும். அரசு இணையதளத்தில் எஃப்.எம்.பி. என்ற புல அளவு வரைபடத்தை எடுத்துக்கொண்டு, சர்வேயரை வைத்து சர்வே கல்லிலிருந்து அளக்க வேண்டியதுதான்.