தாய்ப்பாலும் நல்லுயிரிகளும்

ஈன்ற அணிமையில் சுரக்கும் பாலுக்குச் சீம்பால், கடும்பு எனத் தனிப்பெயர்கள் வழங்குவது தமிழ். ஆயினும், அதனைக் கெட்டபால் எனப் பீய்ச்சிக் களைந்து, குழந்தையின் நாவில் சர்க்கரை நீரைச் சேனையாக வைக்கும் வழக்கம் நம் தென்பகுதியில் முற்றும் மறைந்திலது. இதனால் இழப்பது யாது?

பாரிசு நகரத்து ஆய்வாளர் திசியே, தாய்ப்பால் உண்ட குழந்தையின் மலத்தில் பிஃபிடோ பாக்டீரியத்தை 1899-இல் கண்டறிந்தார். நலமுள்ள தாயரின் பாலிலேயே லாக்டோபாசிலசு இனங்கள் இருத்தலை 2003-இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர்கள் வெளியிட்டனர். தாய்ப்பாலிலுள்ள சிலவகைச் சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்க இயலாது. அவை பிஃபிடோ இனத்திற்கே உணவாகின்றன. அவற்றை உண்டு அது வெளியிடும் அமிலம், நோய்க்கிருமிகள் குடலில் பெருகாவண்ணம் தடுக்கிறது. விருந்தினர்க்கெனவே சமைத்து வைத்த விருந்து அது!

ஒடிசா மாநிலச் சிற்றூர்களில், தாய்ப்பால் அருந்திய 4,500-க்கு மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளிடம் நிகழ்ந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. லாக்டோபாசிலசு பிளாண்டாரம் என்னும் நல்லுயிரியை அதற்குரிய சர்க்கரையுடன் ஏழு நாள் ஊட்டியதில், குருதி நச்சேற்றமும் இறப்பும் சேர்ந்த இடர் 40 விழுக்காடு குறைந்தது.

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தொடங்கி, ஆறு திங்கள் தாய்ப்பால் மட்டுமே தருக என்கிறது உலக நல்வாழ்வு நிறுவனம். நிறைவாக ஊட்ட விரும்புவோர்க்கு ஈராண்டு என வரையறுக்கிறது திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம். அவ்வீராண்டின் முதல் துளி கடும்பே. அதனைக் களையாது காத்தல் நம் இல்லங்களின் கடமையாகும்.