கடைக்கு வெப்சைட்: எந்த மொழியில் எழுதுவது?

திகனயில் நான் புடவைக்கடை நடத்துகிறேன். 2012 இல் ஒரு தம்பியைக் கொண்டு கடைக்கு வெப்சைட் ஒன்று செய்வித்தேன். வெளியூர் ஓடர்கள் அதன் மூலமும் வந்தன. 2017 நோன்புப் பெருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கையில் திறந்து பார்த்தால் பக்கம் வெறும் வெள்ளை! செய்த தம்பியோ கட்டாருக்குப் போய்விட்டார். அந்தப் பெருநாள் ஓடர்கள் கைநழுவின.

காரணம் பிறகுதான் விளங்கியது. சைட் பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. தரவுத்தளத்திலிருந்து விலைகளை எடுக்கப் பாவித்த பழைய கட்டளைகள், 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7 இல் நீக்கப்பட்டிருந்தன. ஹோஸ்டிங் சேர்வர் புதிய பதிப்புக்கு மாறியதும் சைட் நின்றுவிட்டது.

திருத்த ஆள் தேடினேன். "பைதனில் புதிதாக எழுதுவோம் நானா" என்றார் ஒருவர். "ஜாவாஸ்கிரிப்ட்தான் நல்லது" என்றார் மற்றவர். விசாரித்து அறிந்ததைச் சுருக்கமாகத் தருகிறேன்.

பிஎச்பி: 1995 இல் ரஸ்மஸ் லேர்டோர்ஃப் வெளியிட்டது. வேர்ட்பிரஸ் இதில்தான் எழுதப்பட்டுள்ளது. மலிவான ஹோஸ்டிங்கிலும் ஓடும். தெரிந்தவர்கள் அதிகம்.

பைதன்: 1991 இல் வந்தது. வாசித்து விளங்குவது இலகு. கணக்கு, தரவு ஆய்வுக்குச் சிறந்தது. ஆனால் மலிவான ஹோஸ்டிங் எல்லாவற்றிலும் இதற்கு வசதி இராது.

ஜாவாஸ்கிரிப்ட்: 1995 இல் பிரவுசருக்காக உருவானது. 2009 இல் நோட் ஜேஎஸ் வந்தபின் சேர்வர் வேலையையும் இதிலேயே செய்யலாம். உடனுக்குடன் மாறும் பக்கங்களுக்குப் பொருத்தம்.

மூன்றும் நல்ல மொழிகளே. ஆனால் நாம் லொறி வாங்கும்போது எஞ்சினை மட்டுமா பார்க்கிறோம்? உதிரிப்பாகமும் பாஸும் கண்டியில் கிடைக்குமா என்றும் பார்க்கிறோம் அல்லவா? மொழிக்கும் அதே கணக்குத்தான். "எது சிறந்தது?" என்பதைவிட, "எழுதியவர் போய்விட்டால் யார் திருத்துவார்?" என்று கேளுங்கள்.

அப்படிக் கேட்டபோது எனக்குப் பிஎச்பியே போதுமென்று பட்டது. முழுவதையும் புதிதாக எழுதாமல், பழுதான கட்டளைகளை மட்டும் மாற்றுவித்தேன். செலவு மிகக் குறைந்தது.

வியாபார நண்பர்களே, எந்த மொழியானாலும் மூன்று விடயங்களை மறக்க வேண்டாம். டொமைன் உங்கள் பெயரில் இருக்கட்டும். மூல நிரலினதும் தரவுத்தளத்தினதும் பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு பதிப்புக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் சில வருடங்களுக்கே கிடைக்கும் என்பதால், வருடாந்தப் பராமரிப்புக்கும் ஒரு தொகையை ஒதுக்குங்கள். கடைக் கூரையை மழைக்கு முன்பே பார்ப்பதுபோல, சைட்டைப் பெருநாளுக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.